முப்பது விநாடி வெறும் அறை

என் தம்பியின் மூச்சை வெட்டி எறிந்தவள் நான்தான். அலங்காரமாகச் சொல்லவில்லை. அலங்காரமாகச் சொல்வது அவன் தொழில். நான் நிஜமாகவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவன் மூச்சு விட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வெட்டினேன். ஆறு வருடம், ஒன்பது பாட்டு. "உன் மேல என்ன தப்பு?" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

நான் வேலை பார்ப்பது குரல் பதிவு செய்கிற ஒரு சின்ன இடத்தில். லிஃப்டில் "நான்காவது தளம்" என்று சொல்கிற பெண், போனில் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு மணி நேரம் கெஞ்சுகிற பெண், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்கிற ஆள், எல்லோரும் எங்கள் அறையில் நின்று பேசிவிட்டுப் போனவர்கள்தான். பேசுகிறவர் மனிதர், மூச்சு விடத்தான் செய்வார். ஆனால் கேட்கிறவருக்கு அது கேட்கக் கூடாது. லிஃப்டே மூச்சு வாங்கினால் அதில் யார் ஏறுவார்கள்? அதனால் மூச்சையெல்லாம் வெட்டுவது என் வேலை. திரையில் குரல் மலை மலையாகத் தெரியும். இரண்டு மலைக்கு நடுவே சின்னதாக ஒரு புடைப்பு இருந்தால் அது மூச்சு. பதினொரு வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து, எதிரே நின்று பேசுகிறவர்களின் மூச்சைக்கூட மனசுக்குள் வெட்டுகிற வியாதி எனக்கு வந்துவிட்டது.

வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும், குழியில் கால் வைத்த மாதிரி இருக்கும். அங்கே அந்த அறையின் சத்தத்தைப் போட்டு நிரப்ப வேண்டும். எந்த அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அதனால் யார் பேச வந்தாலும், பதிவு தொடங்குவதற்கு முன் மைக் முன்னால் முப்பது விநாடி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கச் சொல்வோம். ஆள் இல்லாத அறையை எடுத்தால் ஆகாது, ஆள் நிற்கிற அறையின் சத்தமே வேறு. அதற்கு நான் வைத்த பெயர் "வெறும் அறை". ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கோப்பு. யார் முகம் சுளித்தாலும் விட மாட்டேன்.

தம்பி என்னைவிட ஏழு வயது சின்னவன். அப்பா போன வருடம் படிப்பை நிறுத்திவிட்டுக் கல் அறுக்கும் பட்டறையில் சேர்ந்தான். சமையலறை மேடைக்குப் போடுகிற பளபளப்பான பலகைக் கற்களை அளவு பார்த்து அறுத்து, சிங்க்குக்கு ஓட்டை போட்டு, ஓரத்தை இழைத்துக் கொடுப்பது அவன் வேலை. வாரத்தில் எங்களுக்கு விடுமுறை நாள் அன்று முதலாளி என்னிடம் சாவி கொடுப்பார். அவனுக்கு அன்றைக்கு அரை நாள் வேலை. முடித்த கையோடு பாட்டுப் பதிவு செய்ய ஓடி வருவான். தலை, புருவம், கண் இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. முதல் நாள் கதவைத் திறந்தவள் பயந்தே போனேன்.

"என்னடா இது, மாவு மூட்டைக்குள்ள விழுந்து எழுந்து வந்தவன் மாதிரி நிக்கிற? வெளிய போய்த் தட்டிட்டு வா, என் மைக்கு பாழாயிடும்" என்றேன்.

பின்னால் நின்ற அவன் கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் "மாவு" என்கிற பெயர். பாடகன் பெயராகவும் அதையே வைத்துக்கொண்டான். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. மைக்குக்குக் கவலைப்பட்டேனே, அந்த வெள்ளைத் தூள் அவனுக்குள் எவ்வளவு போகிறது என்று யோசித்தேனா? இல்லை.

கூட்டாளியின் பெயர் குண்டூசி. ஆளும் அப்படித்தான், பக்கவாட்டில் நின்றால் தேட வேண்டும். செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை, மீதி நேரமெல்லாம் இரண்டு பொத்தான் உதிர்ந்த ஒரு லேப்டாப்பில் பாட்டுக்குப் பின்னணி பீட் போடுவது. அவன் முதலில் கொண்டுவந்தது ட்ராப் என்கிற வகை பீட். அதில் அடியில் வயிற்றை உதைக்கிற பேஸ் சாவகாசமாக வரும். மேலே ஹை-ஹாட் என்கிற தாளத் தட்டு மட்டும் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சடசடவென்று ஓடும். பாடுகிறவன் இரண்டில் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். பேஸோடு போனால் நிதானம், ஹை-ஹாட்டோடு போனால் ஓட்டம். மாவு எதைப் பிடித்தான் என்று கேட்கவே வேண்டாம். பொறுமை அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது.

"முதல்ல வெறும் அறை. முப்பது செகண்ட் ஆடாம அசையாம நில்லு" என்றேன்.

"அக்கா, ராப் பாட்டுக்கு யாராவது அறை சத்தம் எடுப்பாங்களா? பின்னாடிதான் என் பீட்டு ஓடப் போகுதே" என்றான் குண்டூசி.

"உன் பீட்டு நின்னா என்ன கேக்கும்? இது என் அறை, என் ரூல்ஸு. இஷ்டம்னா இரு, இல்லைனா கதவு அங்க இருக்கு."

மாவு நின்றான். முப்பது விநாடியும் கண்ணை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். முடிந்ததும் "ப்பூ" என்று ஊதிவிட்டு, "இன்னொரு முப்பது வேணுமாக்கா?" என்று கேட்டான்.

பாட்டு அவன் வேலையைப் பற்றியதுதான்.

*உன் வீட்டு மேடையில நீ சோறு வைக்கிற இடம்,*
*நான் மண்டி போட்டு மணிக்கணக்கா தேய்ச்சு வச்ச இடம்.*
*உன் முகம் தெரியுற பளபளப்புக்குள்ள பாரு,*
*என் முகம் தெரியலைன்னா எங்கன்னு நீ கூறு.*

இப்படி ஆரம்பித்து நடுவில் நாற்பது விநாடி ஒரே ஓட்டம். அந்த நாற்பது விநாடிக்குள் ஏழு இடத்தில் மூச்சு வாங்கினான். மூச்சைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்குமா? ஏழையும் வெட்டினேன். வரியோடு வரியை ஒட்டி, இடுக்கில் வெறும் அறையைப் பூசிக் கொடுத்தேன். கேட்டவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். "நாற்பது விநாடி ஒரே மூச்சில் பாடுகிறான்" என்று பேச்சுப் பரவியது. போனுக்குப் போன் தாவியது. மூன்று மாதத்தில் ஒரு கல்லூரியில் பாடக் கூப்பிட்டார்கள். சுவரொட்டியில் "ஒரே மூச்சு மாவு" என்று பெரிய எழுத்து.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "டேய் அறிவுகெட்டவனே, அது நான் வெட்டினதுடா. மேடையில எவ வந்து வெட்டுவா?"

"நீ வெட்டினத நான் நெஜமாக்கிக் காட்டுறேன், பாத்துட்டே இரு" என்றான்.

காட்டினான். அந்தக் கல்லூரி மேடையில் நாற்பது விநாடியையும் மூச்சு வாங்காமல் பாடி முடித்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். அம்மா அன்றைக்குத் தான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாளெல்லாம் விரிப்பு மடித்துக் கொண்டிருக்கிறவள், மடியில் கிடந்த முந்தானையை மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து அழுதுகொண்டிருந்தாள். "எப்படிடா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். "பட்டறையிலதான் ப்ராக்டீஸு" என்றான். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. என் தம்பி கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் நன்றாகப் போனது. கடைத் திறப்பு, கல்லூரி விழா, ராப்பர்கள் மோதுகிற போட்டி என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. பட்டறையை மட்டும் விடவில்லை. "பாட்டு பேரு குடுக்கும், கல்லுதான் சோறு குடுக்கும்" என்பான். குண்டூசியிடம் அவன் கேட்கிற பீட்டுகள்தான் மாறிக்கொண்டே வந்தன.

நான்காவது பாட்டுக்கு ட்ராப் வேண்டாம், ட்ரில் போடு என்றான். ட்ரில்லில் அடி நாம் நினைக்கிற இடத்துக்கு ஒரு நூல் தள்ளித்தான் விழும். பேஸ் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும். கொஞ்சம் மிரட்டலான ஜாதி. வரிக்கு வரி இடம் விட்டு, பேஸை வழுக்கவிட்டு அப்புறம் பேசலாம். மாவு அந்த இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசினான். நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது பாட்டுக்குப் பூம் பேப் கேட்டான். அது பழைய பாணி. டும், டக். டும்டும், டக். தலையை ஆட்டுவதற்கென்றே செய்த பீட். நிமிடத்துக்குத் தொண்ணூறு அடிதான், சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். ஏழாவது, எட்டாவது பாட்டெல்லாம் லோ-ஃபை. பழைய ரேடியோ மாதிரி ஒரு கரகரப்பு, தூரத்தில் யாரோ வாசிக்கிற பியானோ, தூங்கி வழிகிற டிரம்.

"இன்னும் கொஞ்சம் ஸ்லோவா போடு மச்சி" என்பான் மாவு.

"நூத்தி நாப்பதுல ஓடிட்டு இருந்தவன் எழுபதுக்கு வந்து நிக்கிற. இதுக்கும் கீழ போனா தாலாட்டுதான்டா" என்பான் குண்டூசி.

"போடு. தாலாட்டே போடு."

இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். கேட்கிறவர்கள் "மாவு வேரைத் தேடிப் போகிறான்", "சத்தம் குறைந்து சரக்கு கூடிவிட்டது" என்றெல்லாம் எழுதினார்கள். என் முதலாளி கேட்டுவிட்டு, "பையனுக்குப் பக்குவம் வந்துடுச்சும்மா" என்றார். நானும் ஆமாம் என்று மண்டையை ஆட்டினேன். பாட்டுக்காரன் மெதுவானால் அது பாணி என்று நினைத்துக்கொள்கிற முட்டாள்தனம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும். அதே பையன் மாடிப்படியில் நின்று நின்று ஏறினால் பக்கத்து வீட்டுக்காரிகூடக் கேட்டிருப்பாள். எங்கள் வீடோ தரைத்தளம், ஏறப் படியே இல்லை.

மேடையில்கூட ஒன்று நடந்தது. ஒரு மத்தியான நிகழ்ச்சி, ஜன்னலெல்லாம் திறந்து கிடந்த கூடம். அந்த நாற்பது விநாடி வந்ததும் பாதியில் நிறுத்தி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். கூட்டத்துக்குப் பாட்டு மனப்பாடம். மீதி வரிகளை அவர்களே கத்தி முடித்தார்கள். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். அதற்கப்புறம் எல்லா மேடையிலும் அப்படித்தான் செய்தான். "ஜனங்களப் பாட வைக்கிறான் பாரு, அதான்டி கலைஞன்" என்று என் தோழியிடம் பீற்றிக்கொண்டேன். மைக்கை நீட்டிவிட்டு இன்னொரு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றது எனக்கும் தெரிந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

இளைத்தான். பாட்டுக்காரன் ஒல்லியாக இருந்தால்தான் எடுப்பு என்றான். இருமினான். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். குளிக்கும்போது குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவான், அந்தச் சத்தத்துக்குள் இருமி முடித்துவிட்டு வருவான். தண்ணீரை இப்படியா வீணாக்குவது என்று நான் கதவைத் தட்டிக் கத்தியிருக்கிறேன்.

எட்டாவது பாட்டு முடிந்து இரண்டு வாரத்தில், பட்டறையில் பலகையைத் தூக்கும்போது மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ராப்பர்" என்றான். அந்த நிலைமையிலும் அதற்கொரு தோரணை.

"சாப்பாட்டுக்கு?"

"கல்லு அறுக்குறேன்."

டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டாள். "கல்லுத் தூசி நுரையீரல்ல போய்த் தங்கி, அங்க எல்லாம் தழும்பாயிடுச்சு. தழும்பான எடம் விரியாது. இத மாத்த மருந்து இல்ல, இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கத்தான் முயற்சி பண்ணணும்" என்றாள். "தண்ணி விட்டு அறுப்பீங்களா?"

"வீட்டுக்குள்ள போய் அறுக்கும்போது தண்ணி விட மாட்டோம். தரை சேறாகுதுன்னு கத்துவாங்க."

"மாஸ்க்?"

"குடுத்தாங்க. கழுத்துல கிடக்கும்."

"கழுத்துல கிடந்து என்ன பிரயோஜனம்? ஏன் போடல?"

அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே தலையைத் திருப்பிக்கொண்டான். பதிலை, கூட வந்திருந்த குண்டூசிதான் வெளியே வராந்தாவில் வைத்துச் சொன்னான். சொல்ல மாட்டேன் என்று முரண்டு பிடித்தவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன்.

"மெஷின் ஓடுற சத்தத்த பீட்டா வச்சிக்கிட்டு பாடுவான்க்கா. மாஸ்க் போட்டா வாய் திறக்க முடியாதுல்ல. நல்லா ஆழமா ஒரு இழுப்பு இழுத்துட்டு, அந்த நாப்பது செகண்டயும் பாடுவான். முடிஞ்சதும் மறுபடி இழுப்பான். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அதே வேலைதான். ஒரே மூச்சுல பாடியே ஆகணும்னு."

நான் ஏழு மூச்சை வெட்டி ஒரு பொய்யைச் செய்து கொடுத்தேன். அதை நிஜமாக்க அவன் தூசிக்குள் நின்று வாயைத் திறந்து திறந்து இழுத்திருக்கிறான். வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போனதும் டாக்டர் என்னிடம், "எவ்வளவு நாளா மூச்சுத் திணறல்?" என்று கேட்டாள். "ரெண்டு மாசமா இருமல்" என்றாள் அம்மா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள என்னிடம் வழி இருந்தது. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் வேலையிடத்துக்குப் போய், எட்டு வெறும் அறைகளையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். இத்தனை வருடமும் அவற்றில் சுத்தமாக இருக்கிற இரண்டு விநாடியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கேட்காமலே மூடிவிடுவேன். ஒன்று, இரண்டு, மூன்று, முழுதாக முப்பது விநாடி. நான்காவதில் இருபத்திரண்டாவது விநாடியில் மூக்கு வழியாக மெதுவாகத் திருட்டுத்தனமாக ஒரு மூச்சு. அதாவது, ட்ராப் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு. ஐந்தில் பத்தொன்பது விநாடி. ஆறில் பதினைந்து. ஆறாவதில் என் குரலும் இருந்தது. "டேய் எருமை, முப்பது செகண்ட் சும்மா நிக்க மாட்டியா? என்ன அவசரம் உனக்கு?" அதற்கு அவன், "சாரிக்கா, மறுபடி எடு" என்கிறான். மறுபடி எடுத்திருக்கிறேன். அதிலும் பதினைந்துதான். ஏழில் பதிமூன்று. எட்டில் பதினொன்று.

மூன்று வருடம். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் என் கம்ப்யூட்டரில் நாள், நேரத்தோடு இருந்திருக்கிறது. நான்காவது பாட்டின்போதே பட்டறையை விட்டு இழுத்து வந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் இருந்திருப்பானோ. டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றாள். இருந்திருப்பான் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்குப் பட்டது.

அவனிடம் நேராகவே சொன்னேன். "நான் அத வெட்டியிருக்கக் கூடாதுடா."

"வெட்டலைனா நான் யாருக்கா? கல்லு அறுக்குறவன், அவ்வளவுதான்" என்றான். "மாவுன்னு ஒருத்தன் இருந்தானே, அவன் உன் கத்திரியில பொறந்தவன். சும்மா மூஞ்சத் தூக்கி வச்சிட்டு உக்காராத, பாக்க சகிக்கல."

ஐந்து மாதம் வீட்டில் இருந்தான். கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் மத்தியானம் குண்டூசி வந்தான். வந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு பீட்டைப் போட்டான். அதில் டிரம்மே இல்லை. கிக் இல்லை, ஸ்நேர் இல்லை, ஹை-ஹாட் இல்லை. நாலு சுரத்தில் ஒரு ஆர்கன் மட்டும் வந்து வந்து போனது. இப்படியும் ஒரு பாணி இருக்கிறதாம். தாளம் பிடிக்க வேண்டாம், பேசுகிறவன் தன் போக்கில் பேசலாம்.

"உன்ன அவசரப்படுத்துற எதுவும் இதுல இல்லடா" என்றான் குண்டூசி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பதிவு பண்ணலாம்க்கா" என்றான் மாவு.

"போடா. நான் மாட்டேன்."

"அக்கா, உன்கிட்ட வேற எதுவும் கேக்கல."

அம்மா சலவைக்கூடத்துக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் நாலு நாள் மத்தியானம் எடுத்தோம். மெஷின் சத்தம் மைக்கில் விழும், அதனால் அதை நிறுத்த வேண்டும். ஒரு வரிக்கு ஒரு தடவை. நான் கை காட்டினால் குண்டூசி ஸ்விட்சை அணைப்பான். மாவு மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டு ஒரு வரி சொல்வான். உடனே ஸ்விட்ச், உடனே குழாய். உதடு பழைய நிறத்துக்கு வரும்வரை காத்திருந்து அடுத்த வரி. இருபத்தெட்டு வரி.

முதல் நாள் வெறும் அறையை எடுக்காமலே தொடங்கப் பார்த்தேன். அவன் விடவில்லை.

"வெறும் அறை எங்க? ரூல்ஸுன்னா ரூல்ஸு" என்றான். "பின்னாடி டிரம்மு இல்ல, குழி தெரியும். நீதான சொல்லுவ?"

எடுத்தேன். மெஷினை அணைத்த வீட்டு அறை, தெருவில் தூரத்தில் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம். அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்தான்.

கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "இதுலயும் வெட்டிடு. ஒண்ணு விடாம. கேக்குறவன் என்ன பாவம் பாக்கக் கூடாது."

வெட்டினேன். ஒரு வரிக்குள்ளேயே மூன்று இடம், நான்கு இடம். இரண்டு வாரம் ஆனது. அவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. முடித்துக் கொண்டுபோய் அவன் காதில் ஹெட்போனை வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டான். "சூப்பர்க்கா. எவன்டா இவன், இவ்வளவு நிதானமா பேசுறான்?" என்றான். அடுத்த வாரம் ஒரு காலை வேளையில் போய்விட்டான். இருபத்தாறு வயது.

ஒன்பதாவது பாட்டை நிறையப் பேர் கேட்டார்கள். உலகத்தில் உள்ள நேரமெல்லாம் தன்னுடையது என்கிற மாதிரி பேசுகிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்தவர்களுக்கு அதை அனுப்ப மனம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அம்மா வேலையிடத்துக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "அவன் குரலப் போடு" என்றாள். போட்டேன். இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"இது அவன் இல்லடி. என் புள்ள பேசும்போது நடுவுல நடுவுல இழுத்துக்குவான். சின்னதுலயே அப்படித்தான். இதுல இருக்கிறவன் மூச்சே விட மாட்டேங்குறான். நெசமா அவன் இருக்கிறது எதுவும் உன்கிட்ட இல்லையா?"

வெட்டிய மூச்சு எதுவும் என்னிடம் இல்லை. வெட்டிய அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுவேன். ஒன்பது வெறும் அறைகள்தான் இருந்தன.

"பேச மாட்டான்மா. சும்மா நிப்பான்" என்றேன்.

"நிக்கட்டும்."

ஒன்றாவதைப் போட்டேன். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை, அறைதான். பத்து விநாடி ஆனதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள், அவனோடு சேர்ந்து. பதினாறாவது விநாடியில் அவளுக்கு முடியவில்லை. அவன் முப்பதும் நின்று "ப்பூ" என்று ஊதிவிட்டு, "இன்னொரு முப்பது வேணுமாக்கா?" என்றான். அம்மா சிரித்துவிட்டாள். "பாத்தியா, என்ன தோக்கடிச்சிட்டான்" என்றாள்.

இரண்டிலும் மூன்றிலும் அவன்தான் ஜெயித்தான். நான்கில், ஐந்தில் அவள் கொஞ்சத்தில்தான் தோற்றாள். ஆறில் இருவரும் ஏறக்குறைய ஒன்றாக விட்டார்கள். என் திட்டு வந்ததும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். போடு என்றாள். ஏழு, எட்டு.

ஒன்பதாவதில் அந்தக் கதவு சாத்துகிற சத்தம் வந்ததுமே அது எங்கள் வீடு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து அடக்கினாள். ஆறாவது விநாடியில் அவன் மூச்சு வெளியே வந்தது, கீச்சென்று ஒரு சத்தத்தோடு. "போதுமாக்கா?" என்றான். "போதும்டா" என்கிறது என் குரல்.

அம்மா இன்னும் விடவில்லை. கன்னம் உப்பியே இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அதன் மேல் ஓடியது. நான் அவள் தோளைத் தொட்டேன். அப்போதுதான் விட்டாள். விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்து, "அதுக்குள்ளயாடா?" என்று கேட்டாள்.

நான் நிறுத்தவில்லை. அன்றைக்குப் பதிவையும் நான் பாதியில் நிறுத்தியிருக்கவில்லை. மீதி இருபது விநாடிக்கு மேல் அதில் இருக்கிறது, முழுக்க அவன் மூச்சு வாங்குகிற சத்தம். அம்மா நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.